கியோரிட்சு 3132ஏ: கிராணி வேலையை விட்டபின் வாங்கிய மெகர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் 23 வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தேன். செக்ரோல் என்கிற ஆள்வரவுப் பதிவு, சம்பளக் கணக்கு, லீவு ரிஜிஸ்டர். மாதம் பிறந்தால் சம்பளம், இருக்க குவார்ட்டர்ஸ். 47 வயதில் அதை விட்டுவிட்டு வயரிங் படிக்கப் போனேன். வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "கடைசிப் பையன் ஃபார்ம் ஃபைவ் முடிக்கட்டுமே" என்று மட்டும்தான் மனைவி கேட்டாள். அவன் முடித்த பிறகுதான் கடிதம் கொடுத்தேன்.

என்னைப்போல் வயது ஏறியபின் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். 18 வயதில் வயர் இழுக்க ஆரம்பித்தவனுக்கு எந்தச் சுவரில் கோளாறு என்று பார்த்ததும் பாதி தெரிந்துவிடும். நமக்கு அந்த வருடங்கள் இல்லை, அதனால் மீட்டர்தான் சொல்லவேண்டும். நான் படித்த இடத்தில் 14 பேருக்கு ஒரே ஒரு மெகர் (வயரின் தோல், அதாவது இன்சுலேஷன், கரண்ட்டைக் கசியவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்), ஆளுக்கு ஐந்து நிமிடம் கையில் கிடைத்தால் பெரிது, அதற்கும் கட்டணம் முழுதாக வாங்கினார்கள், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. சுருஹான்ஜாயா தெனாகா என்கிற மலேசிய எரிசக்தி ஆணையத்தின் ஒரு ஃபேஸ் வயர்மேன் சான்றிதழ் கைக்கு வந்ததும் டிரில்லுக்கு முன்னால் இந்தக் கியோரிட்சு மெகரைத்தான் வாங்கினேன்.

இது முள் வைத்த மீட்டர். 250, 500, 1000 வோல்ட் என்று மூன்று அளவில் டிசி அழுத்தம் கொடுத்து, வயரின் தோல் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாம். வீட்டு வயரிங்குக்கு 500 போதும், தடை ஒரு மெகா ஓமுக்குக் (பத்து லட்சம் ஓம்) கீழே போகக்கூடாது. கன்டினியூட்டியும், அதாவது வயர் எங்கும் அறுந்துபோகாமல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். லைனில் கரண்ட் இருப்பது தெரியாமல் முனையை வைத்துவிட்டால் விளக்கு எரிந்து சத்தம் போட்டு எச்சரிக்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவனுக்கு இந்த ஒன்றுக்காகவே காசு தகும்.

இது எனக்கு எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன். டவுனுக்கு வெளியே தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில் ஒரு பாட்டி. "மழ வந்தாலே வீடு இருட்டுதான் தம்பி, அந்தப் பெட்டிய ரெண்டு தடவ மாத்தியாச்சு" என்றார். பெட்டி என்று அவர் சொன்னது ஆர்சிசிபி, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச். நான் போனது நல்ல வெயில் நேரம். மெயினை அடைத்து, பிளக்குகளைப் பிடுங்கி, பல்புகளைக் கழற்றி, லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக ஒவ்வொரு லைனாக அளந்தேன். மற்ற எல்லா லைனிலும் தடை நன்றாக இருந்தது, பின்கட்டு விளக்கு லைனில் மட்டும் 0.2 மெகா ஓம். காய்ந்த நேரத்திலேயே இவ்வளவுதானா என்று பின்னால் போய், துணி துவைக்கும் இடத்துக்கு மேலே சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸ் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மறுபடி பொத்தானை அழுத்தினால் முள் சைபருக்கே போய்விட்டது. மூடியைத் திறந்தேன். உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டி, கனெக்டரையே மூடிவிட்டிருந்தது. காய்ந்த மண்ணில் ஆர்சிசிபி விழும் அளவுக்குக் கசியாது, நனைந்தால் கரண்ட்டுக்கு நன்றாக வழிவிடும். 230 வோல்ட்டில் 100 மில்லியாம்ப் கசிய தடை 2,300 ஓமுக்கு இறங்கினால் போதும், அந்த ஆர்சிசிபி விழத்தான் செய்யும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. மாற்றவேண்டியிருந்தது ஒரு பாக்ஸும் ஒரு கனெக்டரும்தான்.

குறை என்றால், முள் மீட்டர் என்பதால் நேர் எதிரே நின்று பார்க்கவேண்டும், அளவுக்கோடுகள் ஒரு பக்கம் நெருக்கமாக இருக்கின்றன, வெள்ளெழுத்துக் கண்ணாடி போடாமல் எனக்குச் சரிவராது. ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று பார்க்கவும், எர்த் ராடின் தடையை அளக்கவும் வேறு மீட்டர் வேண்டும். அதையெல்லாம் நான் தெரிந்த கான்ட்ராக்டரிடம் இரவல் வாங்கிக்கொள்கிறேன். விலையும் கொஞ்சம் வலிக்கும், என் பழைய சம்பளத்தில் ஒரு வாரத்துக்கு மேல் போனது. மலிவாக ஏதோ ஒரு டிஜிட்டல் வாங்கலாமே என்று பையன் சொன்னான். ஆனால் தடை மெதுவாக ஏறுவதும், ஏறிவிட்டுத் தளர்ந்து இறங்குவதும் முள்ளில் கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள், அது எனக்கு எண்ணை விட அதிகம் சொல்லித்தருகிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், எல்இடி பல்பைக் கழற்றாமல் அளந்தால் அளவும் தப்பாக வரும், 500 வோல்ட்டில் பல்பும் போகலாம். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் சாமி மாடத்து விளக்கைக் கவனிக்காமல், நல்ல வயரைக் கெட்டது என்று நினைத்து அரை நாள் தேடியிருக்கிறேன். இப்போது சாமி அறையில்தான் முதலில் பார்ப்பது.

பாட்டி வீட்டு டிபி பாக்ஸ் (மெயின் சுவிட்சும் ஆர்சிசிபியும் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒவ்வொரு லைனின் அளவையும் தேதி போட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தேன், செக்ரோல் எழுதின கை. அதே அளவுகள் என் நோட்டிலும் இருக்கின்றன, அடுத்த தீபாவளிக்கு முன்னால் போய் மறுபடி அளப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.