மாதச் சந்தாவா, விற்பனையில் கமிஷனா?

சிற்றூரில் பத்துப் பதினைந்து ஓவியர்கள் சேர்ந்து கூட்டுறவாகக் காட்சிக்கூடம் நடத்த நினைத்தால், முதல் குழப்பம் வாடகையில்தான் வரும்: ஒவ்வொரு ஓவியரிடமும் மாதச் சந்தா வாங்குவதா, விற்ற படைப்பின் விலையில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுப்பதா?

வாடகை: சந்தா என்றால் ஒன்றாம் தேதி பணம் கையில் இருக்கும். கமிஷனை நம்பினால் கோடையில் ஆள் வராத மாதம் திண்டாட்டம்தான்.

சுமை: ஒன்றும் விற்காத இளையவரைத்தான் சந்தா முதலில் விரட்டும். அது எனக்குப் பெரிய வருத்தம். கமிஷன் விற்றவரிடம் மட்டுமே எடுக்கும்.

கணக்கு: சந்தாவுக்கு ஒரு நோட்டு போதும். கமிஷனுக்கு ஒவ்வொரு படைப்புக்கும் எண், விலை, ரசீது வேண்டும். அப்புறம், கூடத்தில் பார்த்துவிட்டு ஓவியர் வீட்டுக்கே போய் வாங்குபவர்கள் இருப்பார்கள். அதற்கும் கமிஷன் உண்டா என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்; இல்லையென்றால் நட்பே முறியும்.

சொந்தக் கட்டடமோ இலவச இடமோ இருந்தால் கமிஷன் போதும். வாடகைக் கடை என்றால் சிறு சந்தாவும் குறைந்த கமிஷனும் சேர்ந்தே வேண்டும். சின்ன விலைப் பொருட்களையும் வையுங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்கு அருகே தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமே பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் காலூன்றியது.