பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவே: ஒரு சமரச சேவையின் மதிப்பீடு

எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கும், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தைகளின் பெற்றோருக்கும் இடையே ஓராண்டாக நீடித்த பிணக்கைத் தீர்க்க, ஒரு தன்னார்வ அமைப்பின் சமரச சேவையை நாடினோம். பின்தங்கிய மாணவர்களைத் தனி வகுப்பில் அமர்த்தினால்தான் கவனம் செலுத்த முடியும் என்றது பள்ளி. அது ஒதுக்கிவைத்தலே என்றனர் பெற்றோர்.

இரு தரப்பையும் உடனே எதிரெதிரே அமர்த்தாமல், வேலை முடிந்து திரும்பும் இரவு நேரத்தில் பெற்றோரை அவர்கள் வீட்டருகே சந்தித்ததுதான் இச்சேவையின் தலைசிறந்த அம்சம். அவர்கள் கூட்டங்களுக்கு வராததை அக்கறையின்மை என்று ஆசிரியர்கள் எண்ணியிருந்தனர். முற்பகல் கூட்டத்திற்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். தனி வகுப்பிலிருந்து ஒரு குழந்தை எப்போது திரும்பலாம் என்பதற்கு எழுத்தில் எந்த அளவுகோலும் இல்லை என்பதும் அப்போதே தெரியவந்தது.

1968இல் நியூயார்க்கின் ஓஷன் ஹில் - பிரவுன்ஸ்வில் பகுதியில், பள்ளிகளை யார் ஆள்வது என்று உள்ளூர் மக்களின் நிர்வாகக் குழுவுக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையே எழுந்த மோதல் நகரெங்கும் ஆசிரியர் வேலைநிறுத்தமாக வெடித்ததைச் சமரசர் நினைவூட்டியது பொருத்தமாக இருந்தது.

குறைகளும் உண்டு. இறுதி அறிக்கையை வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதை விளக்க எவரும் வரவில்லை. குழந்தையின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறியிருந்தும், குழந்தைகளிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.

தனி வகுப்பு இப்போது நாளுக்கு ஒரு மணி நேரமாகச் சுருங்கியுள்ளது. இரு குடும்பங்கள் அதையும் ஏற்கவில்லை.