சீல் மாற்றுவதற்கு முன்னால்: 1972 அம்பாசடரின் ஆயில் கசிவோடு ஒன்பது வருடம்

அப்பாவின் அம்பாசடர் மார்க் 2 என் கைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. 1972 மாடல், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் தண்டு. எங்களுக்கு ஊர் பாலக்கோடு. தர்மபுரி, காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை என்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வண்டியை எடுத்துவிடுவேன். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரிப் பயன்பாட்டுக்கு ரோட்டில் ஓட்ட முடியாது. எனக்கு ஓட்ட வேண்டும், அதனால் பதியவில்லை.

இந்த ஒன்பது வருடத்தில் என்னை அதிகம் அலைய வைத்தது ஆயில் கசிவுதான். கியர் பாக்ஸ், கிரவுன் (பின் அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் பல்சக்கரப் பெட்டி), பின் சக்கர ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாகிவிட்டது. “பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்” என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஒழுகும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, பெரும்பாலும் அந்தக் காரணம் சீல், அதாவது சுற்றும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம், கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது.

வண்டி எடுத்த மூன்றாம் வருடம், சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. கியரைக் குறைத்து, மிதித்து மிதித்து விட்டு, ஒருவழியாக அடிவாரத்தில் ஓரம் கட்டினேன். இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம். டயரின் பக்கவாட்டில் ஆயில் விசிறி அடித்த மாதிரி கோடு கோடாக இருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன், கந்தக வாடை. பிரேக் ஆயில் இல்லை, கிரவுன் ஆயில். ஹப் வழியாக பிரேக் டிரம்முக்குள் வந்து, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கை நனைத்திருந்தது.

தர்மபுரியில் ஒரு பட்டறையில் விட்டேன். ஹப் சீல் மாற்றினார்கள், லைனிங் மாற்றினார்கள். ஐந்து மாதத்தில் மறுபடி அதே பக்கம் ஈரம். மறுபடி அதே பட்டறை, மறுபடி புது சீல். இந்தத் தடவை மூன்று மாதம்தான் தாங்கியது, கூடவே வலது பக்கமும் லேசாக நனைய ஆரம்பித்தது. சீல் சரக்கு மட்டம் என்றார்கள். நானும் நம்பி, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் பெங்களூர் ஜே.சி. ரோடு வரைக்கும் போய் வேறு சீல் வாங்கி வந்தேன்.

அந்த சீலை எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டணத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். எல்லோருக்கும் அவர் பாய்தான். பாலக்கோட்டிலிருந்து ஓட்டி வந்த சூடு ஆறுவதற்குள், அவர் வண்டிக்கு அடியில் படுத்து கிரவுன் ஹவுசிங்கில் ஆயில் ஊற்றும் பிளக்கை மெல்லத் தளர்த்தினார். ‘புஸ்’ என்று காற்று வெளியே வந்தது.

“கேட்டியா தம்பி? இதுதான் உன் வியாதி. சீலைப் பையிலேயே வை” என்றார்.

பின் ஆக்சில் குழாயின் மேல்பக்கம் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு ப்ரீதர் இருக்கிறது. ஓடும்போது கிரவுன் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அது வெளியே போக இருக்கும் வழி இதுதான். எங்கள் தோட்டத்துப் பாதை செம்மண். மழையில் சேறு அடித்து, வெயிலில் காய்ந்து, வருடக்கணக்கில் அந்த ப்ரீதர் செங்கல் மாதிரி அடைபட்டுக் கிடந்தது. பாய் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைத்து, சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்தி எடுத்தார். வாயில் வைத்து ஊதிக் காட்டிவிட்டு என்னையும் ஊதச் சொன்னார். மேல் வழி மூடிக்கொண்டால் காற்று வேறு எங்கே போகும்? சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு, ஆயிலையும் இழுத்துக்கொண்டு, ஹப் வழியாகத்தான் வரும். எத்தனை புது சீல் போட்டாலும் இதே கதைதான்.

ப்ரீதரைச் சுத்தம் செய்து, லைனிங்கை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினோம். ஆயில் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவி, சூடு காட்டி, திரும்பப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள், சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். ஹப்புக்கும் ஆக்சில் ஷாஃப்ட் தட்டுக்கும் நடுவில் இருக்கும் பேப்பர் பேக்கிங்கும் புதிது போட்டோம். அந்த பேக்கிங் கிழிந்திருந்தாலும் சீல் போன மாதிரியேதான் தெரியும். அன்றைக்குப் போட்டது, ஐந்து வருடமாக டிரம் காய்ந்தே இருக்கிறது. ப்ரீதரை ஆடியில் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

அடுத்தது பினியன் சீல். இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு கிரவுனில் சேரும் இடத்துப் பல்சக்கரத் தண்டுதான் பினியன். பின் சீட்டுக்கு நேர் கீழே, தகரத்தின் அடியில் குறுக்காக ஒரு ஆயில் கோடு விழுந்திருந்தது. சுற்றும் பாகம் எதுவோ வீசி அடித்தால்தான் அப்படி ஒரு கோடு வரும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, பினியன் தட்டை உருவிப் பார்த்தால், சீல் உதடு ஐம்பது வருடமாகத் தேய்த்துத் தேய்த்து வளையம் மாதிரி ஒரு பள்ளம் போட்டிருந்தது. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அந்தப் பள்ளத்தின் மேல் புது சீல் உட்கார்ந்து பயனில்லை. ஓசூரில் ஒரு லேத்தில் கொடுத்து மேலே மெல்லிய ஸ்லீவ் (உறை மாதிரி ஒரு குழாய்) ஏற்றி வாங்கினேன். இந்த மாதிரி வேலைக்கு ஓசூர் பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய வரம். பினியன் நட்டைக் கழற்றுவதற்கு முன் நட்டிலும் தண்டிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அதே இடத்துக்குத் திரும்ப முறுக்கினால்தான் பேரிங் இறுக்கம் மாறாது. பினியனைக் கையால் ஆட்டிப் பார்ப்பதும் முக்கியம். பேரிங் ஆடினால் சீல் நிற்காது.

இப்போது எங்காவது ஈரம் தெரிந்தால் ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் டீசலும் காட்டன் வேஸ்ட்டும் வைத்து அடிப்பாகம் முழுவதையும் துடைக்கிறேன். காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஆயில் கிளம்பிய இடம் வெள்ளையில் கருப்பாகத் தெரியும். ஓடும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும் என்பதால் சொட்டும் இடம் ஒன்று, கிளம்பும் இடம் வேறு. இரவில் அடியில் அட்டை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைப்பேன். கறுத்து மெலிந்திருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் அல்லது கிரவுன். தண்ணீரில் கரைந்து, பெயிண்டை உரித்தால் பிரேக் ஆயில், அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது.

ஆயில் அளவும் ஒரு காரணம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிக்கொண்டு ஊற்றினால் அளவு தப்பும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பிளக் ஓட்டையின் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். கூடுதலாக ஊற்றினால் அது சீலைத் தேடித்தான் போகும். கிரவுனுக்கு ஜிஎல்-5 ரக 90 நம்பர் ஆயில் போடுகிறேன். அதே ஆயிலை கியர் பாக்ஸுக்கும் ஊற்றுவது நம் ஊர் வழக்கம், நான் செய்வதில்லை. ஜிஎல்-5இல் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

நான் ஏற்றுக்கொண்டு விட்டுவிட்ட கசிவு ஒன்றே ஒன்று உண்டு, அது இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு ஸ்பிலிட் பின் தொங்கும். ஓட்டை அடையாமல் இருக்க அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த 1489 சிசி இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு மரைதான் சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளுகிறது. நிறுத்தியதும் ஓரிரு சொட்டு வரும், அது அமைப்பிலேயே உள்ளது. அங்கே நான் பார்ப்பது எண்ணிக்கையை மட்டும்தான். இரண்டு சொட்டு ஆறானால் இன்ஜின் ப்ரீதர் குழாய் அடைத்திருக்கிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பேன். நேற்று காலை அட்டையில் இரண்டு சொட்டு. பின்னைத் தட்டிப் பார்த்தேன், ஆடியது. வண்டியை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டை போய் வந்தேன்.