சேர்வராயன் மலையும் சேலம் ஏரிகளும்: இரண்டு நாள் பறவைப் பயணம் எப்படி இருக்கிறது?

குளிர்கால வார இறுதிகளில் சேலத்திலிருந்து நடக்கும் வழிகாட்டியுடன் கூடிய பயணம் இது. சனிக்கிழமை முழுக்க சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு, இரவு அங்கேயே தங்கல். ஞாயிறு காலை மலையிறங்கி சேலம் ஊருக்குள் இருக்கும் மூக்கனேரி, மதியத்துக்கு மேல் மஞ்சவாடி கணவாய் வழியாக வாணியாறு அணை, இருட்டியதும் சேலம். ஆளுக்கு 7,800 ரூபாய். வேன், இருவருக்கு ஓர் அறை, சாப்பாடு, இரவல் பைனாக்குலர் எல்லாம் அதில் அடக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழிகாட்டி அருமை, நேர அட்டவணை மோசம். போகலாம், ஆனால் எந்த வாரம், எந்த இடம் எத்தனை மணிக்கு என்று பேசி முடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அட்டவணையைக் குறை சொல்லக் காரணம் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் 1,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். அடிவாரத்தில் முட்புதரும் பாறையும். அங்கே சின்னான் (புல்புல்) வகைகளில் செங்குதச் சின்னானும் வெண்புருவச் சின்னானும். மேலே காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும். அங்கே செம்மீசைச் சின்னானின் குரல்தான் எங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில், பாறை உருண்டு கிடக்கும் புதர்ச் சரிவுகளில்தான் இந்த மலையின் மிக முக்கியமான பறவை இருக்கிறது: மஞ்சள் தொண்டைச் சின்னான். தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது, அழிவாய்ப்பு உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. வெளியூரிலிருந்து இந்த மலைக்கு வருபவர்களில் பலர் இதற்காகத்தான் வருகிறார்கள்.

பயணத்தில் என்ன நடக்கிறது? காலை ஐந்தேகாலுக்கு சேலம் அஸ்தம்பட்டியில் வேன் கிளம்புகிறது. கோரிமேடு தாண்டி அடிவாரம் வரும்போதும் இருட்டு; பாறைச் சரிவுகளைக் கடக்கும்போதும் இருட்டு. ஜனவரி முதல் பாதியில் இங்கே சூரிய உதயமே ஆறரை மணிக்கு மேல்தான். இருட்டோடு இருட்டாக மேலே போய் எஸ்டேட் வாசலில் இறங்கினால், அங்கே மூடுபனி. எட்டு மணி வரை பத்தடிக்கு அப்பால் இருக்கும் கிளைகூடத் தெரியாது. விடிந்ததும் ஒளி கிடைக்கும் சரிவை விட்டுவிட்டு, ஒளி இல்லாத உச்சிக்கு அவசரமாக ஓடுகிறார்கள்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு ஆறே முக்காலுக்குச் சரிவில் நிற்க வேண்டும். மஞ்சள் தொண்டைச் சின்னான் கூச்ச சுபாவம் கொண்டது. பழம் தின்ன வெளியே வரும், ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் மறையும். எனவே நடப்பதைவிட, பழம் பழுத்திருக்கும் அத்தி, உண்ணிச்செடி ஏதாவது ஒன்றின் எதிரே அசையாமல் நிற்பதே பலன் தரும். வெண்புருவச் சின்னானோடு குழப்பிக்கொள்வது வழக்கம். அதற்கும் வாலடியில் மஞ்சள் உண்டு. தலையும் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சளா, வால் நுனி வெளிறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். எட்டு மணிக்கு மேல் வார இறுதி வண்டிகள் வரிசைகட்டி ஏறத் தொடங்கும். அதன்பின் மலைப்பாதையில் நிற்பது பறவைக்கும் நமக்கும் நல்லதல்ல. வேனை அகலமான இடத்தில் மட்டுமே நிறுத்த வேண்டும், வளைவில் ஒருபோதும் கூடாது. எட்டரைக்கு மேலே போனால் பனியும் விலகியிருக்கும்.

எஸ்டேட் நடைதான் இந்தப் பயணத்தின் உயிர். வழிகாட்டியின் அருமை இங்கே தெரிகிறது. பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் எண்ணூறு மீட்டர்தான் நடத்துகிறார், அது சரியான வேகம். வெறும் சில்வர் ஓக் வரிசையாக நிற்கும் பகுதியைக் கடந்துபோய், பலாவும் அத்தியும் ஆலும் கலந்து நிற்கும் பழைய நிழலில் நிறுத்துகிறார். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். பழம் தின்னும் பறவைக்கு அதில் ஒன்றுமில்லை. ஓர் அத்தி பழுத்திருந்தால் குக்குறுவான், பச்சைப்புறா, இலைக்குருவி, சின்னான் என்று ஒரே மரத்தில் ஒரு மணி நேரம் போகும்.

காதால் அடையாளம் காணக் கற்றுத்தருகிறார், அது பெரிய விஷயம். குளிர்காலத்தில் இந்தத் தோட்டங்களில் அதிகம் கேட்பது பச்சைக் கதிர்க்குருவியின் 'ட்சி-வீ'. இமயமலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் இருந்து வந்து பல மாதம் தங்கும் கட்டைவிரல் அளவு பறவை. அந்த ஒரு குரலைப் பிரித்துவிட்டால் மற்றவை தானாகத் தனித்துக் கேட்கும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செல்போன் செயலியை நம்பி வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்கிறார்: துடுப்புவால் கரிச்சானும் இலைக்குருவியும் மற்ற பறவைகளைப் போலக் கத்தும். செயலி 'வல்லூறு' என்று காட்டினால் மரத்தில் இருப்பது பச்சை நிற இலைக்குருவியாக இருக்கலாம். கண்ணால் பார்க்காமல் பட்டியலில் எழுதக்கூடாது.

ஆறுமணிக்குருவியைக் காட்டும் முறையும் ஒழுங்கானது. வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டு செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வரும் பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் வந்த பெயர். தரையில் சருகைக் கிளறிப் புழு தேடும். குரல் வந்த திசைக்குப் போகாமல், பாதை ஓரத்தில் குந்தி இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார். அதுவே தத்தித் தத்தி வெளியே வந்தது. உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர் செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட, வழிகாட்டி உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் செய்தது சரி. குளிர்காலத்திலும் இது தனக்கென ஓர் இடம் பிடித்து வாழும் பறவை. வேறொன்று புகுந்துவிட்டதென்று நினைத்து இரைதேடலை விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு வாரமும் ஒரு குழு இப்படிச் செய்தால் இடத்தையே காலி செய்துவிடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆட்கள் இறங்கிவிட்டால் அந்தப் பகுதியில் தரைப் பறவைகள் ஒதுங்கிவிடும். எந்தப் பக்கம் பறிப்பு என்று முந்தின நாளே மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருந்தது நல்ல ஏற்பாடு. காட்டு மாடுகளும் தோட்டத்துக்குள் வரும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நடத்தியதும், சாணம் ஈரமாக இருந்த இடத்தில் பாதையை மாற்றியதும் பாராட்டத்தக்கவை.

அதன்பிறகுதான் அட்டவணை மீண்டும் சறுக்குகிறது. ஒன்பதரைக்கு விடுதிக்குத் திரும்பி, காலை உணவு முடித்து, பதினோரு மணிக்கு ஏற்காடு ஏரியில் படகுச் சவாரி. படகுகள் சுற்றும் ஏரியில் முக்குளிப்பானும் சின்ன நீர்க்காகமும் தவிரப் பெரிதாக என்ன இருக்கும்? அந்த ஒன்றரை மணி நேரம் பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சிமுனையான பகோடா பாயின்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். பாறை சூடேறி வெப்பக்காற்று மேலெழும் நேரம் அது. பாம்புக்கழுகு, கருங்கழுகு, குளிர்காலத்தில் வரும் குறுங்கழுகு எல்லாம் வட்டமிடுவது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றால் கழுகின் முதுகைப் பார்க்கலாம். சமவெளியில் எத்தனை வருடம் நின்றாலும் கிடைக்காத கோணம். அதே பாறைகளில் நீலப் பாறைப்பூங்குருவி உட்காருகிறதா என்றும் பார்க்கலாம். இட்லியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் முடிகிற காரியம்.

மாலையில் கிளியூர் அருவிப் பள்ளத்தாக்கு. படிகள் செங்குத்து, பாசி வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுவிடலாம். சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அது பாடுவது கோடையிலிருந்து மழைக்காலம் வரைதான். குளிர்காலத்தில் கூர்மையான ஒற்றைக் கத்தல் மட்டும் கேட்கும். பறவை இருக்கும், பாட்டு இருக்காது. அதை நேர்மையாகச் சொல்லிவிடலாம். நீரோட்டக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் சாம்பல் வாலாட்டியை மட்டும் எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் ஏரிகள். மலையில் பெய்யும் மழைதான் கன்னங்குறிச்சி புது ஏரி வழியாக மூக்கனேரிக்கு வருகிறது. நேற்று நடந்த சரிவின் தண்ணீரில்தான் இன்றைய பறவை நிற்கிறது என்று வழிகாட்டி விளக்கியது அழகு. 2010 வாக்கில் சேலம் மக்கள் தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று நீர்க்காகமும் கொக்கும் வக்காவும் அடைவது அந்தத் தீவுகளில்தான்.

அப்படிப்பட்ட ஏரிக்குக் காலை ஒன்பதே காலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் ஆடும். ஸ்கோப்பை (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) 40 மடங்குக்கு மேல் வைத்தால் பறவை நெளியும். சிறகி எது, தட்டைவாயன் எது என்று பிரிக்க முடியாமல் பாதிப்பேர் திரும்பினார்கள். இதற்கும் தீர்வு வரிசையை மாற்றுவதே. காலையில் குப்பனூர் வழியாக இறங்கினால் அரூர் சாலைக்குச் சுற்று குறையும். மஞ்சவாடி கணவாய் தாண்டி வாணியாறு அணையை எட்டு எட்டரைக்குத் தொட்டுவிடலாம். மாலை நாலரைக்கு மூக்கனேரி. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேற்குக் கரையில் நின்றால், ஐந்தேகாலிலிருந்து ஆறேகால் வரை கூட்டம் கூட்டமாகத் தீவுகளுக்குத் திரும்புவதை எண்ணலாம். ஊருக்குள்ளேயே இருப்பதால் இருட்டினாலும் கவலையில்லை.

எந்த வாரம் போவது என்பதை நீர்மட்டம் தீர்மானிக்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடியும்போது ஏரிகள் கரைமுட்ட இருந்தால் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் கொண்டாட்டம். கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேய்பவை, அவற்றுக்கும் ஆழம் ஆகாது. தண்ணீர் வடிந்து ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும் ஜனவரிக் கடைசியில்தான் பொறி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் நெருக்கமாகக் கிடைக்கும். வாணியாறு அணையின் முழுமட்டம் 65 அடியைச் சற்றுத் தாண்டும். நிரம்பி வழிகிறது என்று செய்தி வந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். எங்கள் தேர்வு ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை, குடியரசு தின விடுமுறை நெரிசலைத் தவிர்த்து. வேதாரண்யம் பக்கம் பார்ப்பதுபோல ஆயிரக்கணக்கில் வாத்து இங்கே வராது. பத்து இருபது வந்தாலே நல்ல வருடம்.

இரவல் பைனாக்குலர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொடுப்பது 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 50 மி.மீ.), கனம், கை நடுக்கம் அதிகமாகத் தெரியும், காப்பி நிழலுக்குள் அகலமாகவும் பார்க்க முடியாது. இந்த மலைக்கு 8x42 போதும். வாங்கியவுடன் தொலைவில் உள்ள மின்கம்பியைப் பார்த்து, கண்ணிலிருந்து மெல்லப் பின்னால் இழுங்கள். இரண்டு பக்கமும் கம்பி ஒரே மட்டத்தில் இல்லையென்றால் லென்ஸ் அச்சு விலகியிருக்கிறது; அரை மணியில் தலைவலி வரும், மாற்றிக் கேளுங்கள். பிறகு வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கி, இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதை யாரும் சொல்லித்தராததால் இருவர் முதல்நாள் முழுக்க மங்கலாகவே பார்த்தார்கள். ஏசி வேனிலிருந்து இறங்கினால் லென்ஸில் ஆவி படியும். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியில் தரும் இனப்பட்டியலில் குரல் மட்டும் கேட்டவையும், ஒருவர் மட்டும் பார்த்தவையும் ஒன்றாகக் கலந்திருந்தன. தனித்தனியாகக் குறித்துத் தரும்படி கேட்டால் செய்கிறார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பட்டியலாக நீங்களே எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் அதே முறைதான்.

முன்பதிவின்போது குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எட்டுக்கு மேல் போனால் தோட்டப் பாதையில் பின்னால் நிற்பவருக்கு ஆறுமணிக்குருவி கிடைக்காது. ஞாயிறு மதியம் நாலு மணி நேரம் கழிப்பறைக்கு எங்கும் நிறுத்தவில்லை. பெண்கள் வரும் குழுவில் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். விடியலில் மேலே நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். பத்து மணிக்குக் கழற்றிவிடுவீர்கள், அதனால் உள்சட்டையும் பச்சையோ பழுப்போ ஆக இருக்கட்டும். வேனில் கடைசி வரிசை வேண்டாம். இருபது வளைவிலும் ஆட்டம் அங்கேதான் அதிகம், குமட்டலோடு இறங்கினால் முதல் ஒரு மணி நேரம் போச்சு.