இன்னொரு ஆர்எக்ஸா, ஒரு ஆர்டியா?

மேலூரில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100, திண்டுக்கல்லில் ஒரு ஆர்டி 350. இரண்டும் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகள், இரண்டும் விற்பனைக்கு. 2024 தை மாதத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சேதியும் காதுக்கு வந்தன. வீட்டில் ஏற்கெனவே அப்பா 1992-இல் எடுத்த ஆர்எக்ஸ் நிற்கிறது. சின்ன வயதில் அதன் டேங்க் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துதான் அழகர்கோவிலுக்குப் போவேன். அதை விற்கும் பேச்சுக்கே இடமில்லை. அதற்குத் துணையாக இன்னொன்று வேண்டும், அதையும் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பல வருட ஆசை. கடைசியில் நான் எடுத்தது மேலூர் வண்டியை. அதனால் கீழே எழுதியிருப்பதில் ஆர்எக்ஸ் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கும். தெரிந்தே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஆர்டி என்பது யமஹாவின் வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் இங்கே கொண்டுவந்த ராஜ்தூத் 350. இரட்டை சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர். முதலில் வந்த எச்டி (ஹை டார்க்) ரகத்துக்கு 30.5 குதிரைத்திறன், பிறகு பெட்ரோல் மிச்சத்துக்காக அடக்கிவிட்ட எல்டி (லோ டார்க்) ரகத்துக்கு 27. ஆர்எக்ஸ் 1985-இல் வந்து 1996-இல் நின்றது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நான்கு கியர், எடை நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். மைலேஜ் என் வண்டியில் 38, 40 வருகிறது. திண்டுக்கல்காரர் தன் எல்டிக்கு 22 என்றார், அதையும் தயங்கித்தான் சொன்னார். விலை: மேலூரில் 1,10,000, திண்டுக்கல்லில் 3,25,000.

ஓட்டுகிற சுகத்தில் போட்டியே இல்லை. ஆர்டியை நத்தம் ரோட்டில் ஒரு காலை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் ஒரு கட்டத்துக்கு மேல் முறுக்கும்போது வண்டி நம்மைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடப் பார்க்கிறது. அந்த இரட்டைச் சத்தத்தைக் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்து ஆர்எக்ஸைக் கிளப்பினால் தையல் மிஷின் மாதிரி இருந்தது. ஆனால் நிறுத்துகிற கதை வேறு. வெளிநாட்டு ஆர்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது, இங்கே டிரம் பிரேக் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வேகத்தில் ஊமச்சிகுளத்தில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தபோது என் உயிர் ஒருமுறை கீழே இறங்கி ஏறியது. மொத்தத்தில் நான் ஆர்டி ஓட்டியது அறுபது கிலோமீட்டர்தான். வருடக்கணக்கில் வைத்திருப்பவர் இதில் என்னைத் திருத்தினால் ஒப்புக்கொள்வேன்.

இனி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வண்டி வைத்திருப்பவன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். மற்றது நிற்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியை ஓட்டி ஓட்டிக் கெடுத்தவர்களைவிட நிறுத்தி வைத்துக் கெடுத்தவர்களே அதிகம் என்று சிம்மக்கல் மெக்கானிக் அண்ணன் அடிக்கடி சொல்வார். அதை நான் பணம் கொடுத்துப் படித்தேன். 2020 ஊரடங்கில் அப்பாவின் வண்டி மாதக்கணக்கில் நின்றது. பிறகு எடுத்தபோது ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் சத்தம் இறங்காமல் தானாக ஏறியது. கார்ப்ரேட்டர் அழுக்கு என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. பிஸ்டன் ஜாம்.

காரணம் கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை, பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு இருக்கும் அறைக்குள் வந்து அங்கிருந்து மேலே ஏறுகிறது. அந்த அறை காற்றுப் புகாமல் இறுகி இருந்தாக வேண்டும். கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல்தான் அந்தக் காவல். வண்டி நின்றால் சீல் காய்ந்து கெட்டியாகும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும், கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் மசகான டூ டி ஆயிலும் குறையும், சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் கொசு மருந்து அடிக்கிறார்களோ என்று எட்டிப் பார்ப்பார்.

இப்போது இதை ஆர்டியில் போட்டுப் பாருங்கள். இரண்டு சிலிண்டர், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். நடுவிலும் ஒரு தடுப்பு உண்டு, அதை மாற்ற வேண்டுமென்றால் கிராங்கை முழுதாகப் பிரஸ்ஸில் பிரித்து, திரும்ப இறுக்கி, டயல் வைத்து கோணாமல் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் கிராங்குக்கும் இதே வேலைதான் என்றாலும் அங்கே ஒரு ராடு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் லேத்காரர்கள் இருக்கிறார்கள். ஆர்டி கிராங்கைத் தைரியமாக வாங்கி வைத்துக்கொள்ள மதுரையில் எனக்குத் தெரிந்து யாரும் முன்வரவில்லை. என் தேடல் சிறியது, இருக்கலாம். அண்ணனிடம் ஆர்டி பேச்சை எடுத்தபோது அவர் சொன்னது:

“வாங்கு தம்பி, யார் வேணாங்குறா? பிஸ்டன் ரெண்டு, கார்ப்ரேட்டர் ரெண்டு, பாயிண்ட் ரெண்டு, சைலன்சர் ரெண்டு. அழுகுறதுக்கும் ரெண்டு பேரு இருக்கோம், நீயும் நானும்.”

மேலூர் வண்டி வந்த பிறகு, முன்கூட்டி யோசிக்காத ஒரு லாபம் தெரிந்தது. ஒரே மாதிரி இரண்டு வண்டி இருந்தால் ஒன்று கெடும்போது மற்றது வைத்தியர். போன ஐப்பசி மழையில் அப்பாவின் வண்டியில் திடீரென்று ஸ்பார்க் இல்லை. பிளக்கா, காயிலா, ஸ்பார்க்கை நேரம் பார்த்துக் கொடுக்கும் சிடிஐ பெட்டியா? மேலூர் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி இதில் போட்டேன். சிடிஐ மாற்றியதும் ஒரே உதையில் கிளம்பியது. அரை மணி நேரம், செலவு ஒரு டம்ளர் காபி. தனியாக ஒரு வண்டி மட்டும் இருந்திருந்தால் மூன்றையும் வாங்கியிருப்பேன், அதில் இரண்டு டூப்ளிகேட்டாக இருந்திருக்கும். சீல், ரிங், கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. பிஸ்டன் மட்டும் அப்படி இல்லை. அப்பாவின் வண்டி இரண்டு தடவை போர் ஆகி, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, 0.50 மில்லிமீட்டர் கூடுதல் அளவில் நிற்கிறது, மேலூர் வண்டி இன்னும் ஸ்டாண்டர்டு 50 மில்லிமீட்டர் போரில் இருக்கிறது. இரண்டாவதைத் தேடுபவர்கள் ஹெட்டைக் கழற்றி போர் அளவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயிண்ட், குரோம் எல்லாம் யாரும் பண்ணிவிடலாம். சிலிண்டரில் மிச்சமிருக்கும் கனம்தான் நாம் காசு கொடுத்து வாங்குவது. 1.00 வரை போன பிளாக் என்றால் அடுத்தது ஸ்லீவ், அதாவது உள்ளே புதுக் குழாய் இறக்குவது.

நிறுத்தி வைப்பதில் பெட்ரோலும் இப்போது சேர்ந்துகொண்டது. பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், உள்ளே துரு கிளம்பும். அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் அது விட்டு வைப்பதில்லை. நான் செய்வது, வண்டியை ஓரம் கட்டும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுவது. கார்ப்ரேட்டர் காலியாகும். ஒரு ஞாயிறு அப்பா வண்டி, அடுத்த ஞாயிறு மேலூர் வண்டி, குறைந்தது இருபது கிலோமீட்டர். வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் உறும விடுவது எதற்கும் உதவாது. சைலன்சரில் கரி சேரும், அவ்வளவுதான். ஆர்டிக்கும் இதே வழிதான், ஆனால் இரண்டு கார்ப்ரேட்டர்.

நடுவில் ஆர்எக்ஸ் 135 ஐந்து கியரையும் யோசித்தேன். 2005 வரை வந்ததால் வயது குறைவு, கிடைப்பதும் சுலபம், நெடுஞ்சாலையில் அந்த ஐந்தாவது கியர் பெரிய நிம்மதி.  நெஞ்சில் ஒட்டவில்லை, வேறு குறை சொல்லத் தெரியவில்லை. முதல் டூ ஸ்ட்ரோக் வாங்கும் ஒருவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

விற்பனை மதிப்பு? விற்பதற்காக வாங்குபவர் ஆர்டியை எடுக்கலாம். அசல் டேங்க், அசல் சைலன்சரோடு நிற்கும் ஆர்டியின் விலை இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

வீட்டில் வந்த எதிர்ப்பு ஒன்றுதான், ஆனால் பதில் சொல்ல முடியாதது. “ஒரே கலர்ல ரெண்டு சேலை எடுத்துட்டு வந்தா நீங்க என்னைய என்ன கேப்பீங்க?” என்றாள் மனைவி. உண்மைதான். இரண்டும் கறுப்பு. தெருவில் பாதிப் பேருக்கு என்னிடம் இரண்டு வண்டி இருப்பதே தெரியாது.

காகிதத்தில் மட்டும் எந்த வண்டிக்கும் சலுகை தராதீர்கள். மேலூர் வண்டியின் ஆர்சி பழைய புத்தகம், ஆன்லைனில் ஏறவே இல்லை. விற்றவர் கூட வந்து ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவை ஏற்றி, பெயர் மாற்றி முடிக்க நான்கு மாதம் ஆனது. இன்ஜின் நம்பரைச் சுரண்டி அடித்த வண்டிகள் இந்த மாடலில் நிறைய உண்டு. எண்களைத் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, ஆர்சியோடு ஒப்பிட்ட பிறகே விலை பேச வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிப்பு, பசுமை வரி தனி. மேலூர் வண்டி 1995 வைகாசிப் பதிவு என்பதால் 2025 மே மாதம் 1,000 ரூபாய் கட்டணத்தில் முடிந்தது. அதே வருடம் ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய இருசக்கர வண்டிகளுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். அப்பாவின் வண்டிக்கு 2027-இல் முறை வருகிறது.