வண்டி ஏறும் இடத்தில் காம்ஃப்ரேயா, குளோவரா?

தோட்டத்து வண்டித்தடத்தில், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே ஒரு மண் பட்டை சும்மா கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறை கார் வரும், அவ்வப்போது ஆள் நடமாட்டம் இருக்கும், அவ்வளவுதான். அங்கே தரையோடு படரும் சிறுசெடியான வெள்ளைக் குளோவரை விதைப்பதா, அகன்ற இலையும் தடித்த வேரும் கொண்ட காம்ஃப்ரே செடியை நடுவதா என்று யோசித்து, காம்ஃப்ரேயை நட்டேன்.

குளோவரின் குணம் தெரிந்ததுதான். குட்டையாக வளரும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும், மிதியையும் ஓரளவு தாங்கும். தினமும் நடக்கிற பாதை என்றால் பேச்சே இல்லை, குளோவர்தான். காம்ஃப்ரே இலையில் சுணை உண்டு, வெறுங்காலில் உரசினால் அரிக்கும். நசுங்கிய இலை கூழாகி வழுக்கவும் செய்யும்.

எப்போதாவது மட்டும் மிதிபடும் இடத்தில் நான் பார்த்தது வேறொன்றை: அடிபட்ட பிறகு எது தானாக எழுந்திருக்கும்? குளோவரின் தண்டு மண்ணின் மேலேயே படர்கிறது. டயர் திரும்புகிற இடத்தில் அது பிய்ந்து மண் தெரியும். பக்கத்துக் கொடி வந்து மூடுவதற்குள் களை முந்திக்கொள்ளும், வறண்ட நாளில் இன்னும் மோசம். காம்ஃப்ரேக்கு முதலீடு எல்லாம் மண்ணுக்கடியில். இலை முழுக்க நசுங்கினாலும் தடித்த ஆணிவேரில் சேமிப்பு இருப்பதால் சில வாரங்களில் புதுத் துளிர் வந்துவிடுகிறது. அகன்ற இலை நிழலில் களையும் அதிகம் தலைதூக்குவதில்லை. எப்படியும் வருடத்துக்கு நாலைந்து முறை மூடாக்குக்கு (மண்மேல் பரப்ப) அறுக்கிற செடி, சக்கரமும் ஒரு அறுப்பு என்று வைத்துக்கொண்டேன். முதல் வருடம் மட்டும் வேர் பிடிக்கும்வரை வண்டியை ஒதுக்கித்தான் ஓட்டினேன். ஈர மண்ணில் கனரக வண்டி அடிக்கடி ஏறினால் என்ன ஆகும் என்று நான் சோதித்ததில்லை.

ரகம் முக்கியம். இயற்கைத் தோட்ட முன்னோடி லாரன்ஸ் ஹில்ஸ் 1950களில் இங்கிலாந்தில் தேர்ந்தெடுத்த 'பாக்கிங் 14' என்ற காம்ஃப்ரே ரகம் விதையால் பரவாது. சாதாரணக் காம்ஃப்ரே விதை போட்டுப் பரவும், அதைத் தொடவே வேண்டாம்.

ஆனால் எந்த ரகமானாலும் வேர்த்துண்டு மண்ணில் கிடந்தால் முளைக்கும். எனவே நடும் முன் கயிறு கட்டி, சக்கரம் போகும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கண்ணளவில் நட்டதால் ஒரு செடி தடத்துக்குள் வந்துவிட்டது. அதை மண்வெட்டியால் தோண்டி எடுத்தேன். அடுத்த மாதம் அதே இடத்தில் ஐந்து செடிகள் நின்றன.