அம்மாவின் கண்ணுக்கு ஊசி: மதுரையில் ஒரு காலை

லண்டனிலிருந்து மூன்று வார விடுமுறையில் மதுரைக்கு வந்த முக்கியக் காரணம், அம்மாவின் வலது கண்ணுக்கு ஊசி போட வேண்டியிருந்ததுதான். சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொண்டதில், எதிரில் நிற்பவர் முகமே அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது. "கண்ணுக்குள்ளேயா ஊசி?" என்று இரவு முழுக்க விழித்திருந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் தம்பி அழைத்துப்போன வேறொரு மருத்துவமனையில், உதவியாளர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அம்மாவின் முகத்துக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்களாம். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாயிலிருந்து தெறிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஊசி வழியாகக் கண்ணுக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம்.

இம்முறை போன இடம் அப்படி இல்லை. கவசமும் தொப்பியும் போட்டு என்னை வாசலருகே நிற்க அனுமதித்தார்கள். செவிலியர் முதலில், "எந்தக் கண் பாட்டி?" என்று கேட்டார். அம்மா சொன்ன பிறகு மருத்துவக் கோப்பிலும் சரிபார்த்து, வலது புருவத்துக்கு மேல் பேனாவால் குறியிட்டார். மரப்புச் சொட்டு, பிறகு 5 சதவீத பொவிடோன் அயோடின். அது எரியும், அம்மா என் பக்கம் கையை நீட்டினார். அதற்காக யாரும் அவசரப்படவில்லை. அயோடின் கிருமியைக் கொல்ல அரை நிமிடமாவது வேண்டும். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடியே காத்திருந்தார்கள். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

இமைகளைக் கம்பியால் விலக்கிய பின், மருத்துவர் சிறிய அளவுகோலால் கருவிழி ஓரத்திலிருந்து 3.5 மில்லிமீட்டர் அளந்தார். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனில் லென்ஸ் வைத்திருக்கிறது. இயற்கை லென்ஸ் இருந்தால் 4 மில்லிமீட்டர். முன்னால் போனால் லென்ஸ், பின்னால் போனால் விழித்திரை, இரண்டுக்கும் இடையில் ஊசிக்கான இடம் அவ்வளவுதான். மிக மெல்லிய 30 கேஜ் ஊசி, 0.05 மில்லிலிட்டர் மருந்து. ஏறத்தாழ ஒரு சொட்டு. "எத்தனை விரல்?" என்று மருத்துவர் கேட்டபோது, "இரண்டு" என்றார் அம்மா. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மருந்தைப் பற்றி முன்பே கேட்டிருந்தேன். புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கண்ணுக்கும் போடுவதுண்டு, ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளில் பிரித்து. விலை குறைவுதான், ஆனால் பிரிக்கும் இடத்தின் சுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 2015 முதல் இந்தியாவில் தயாராகும் ரானிபிசுமாப் என்ற கண் மருந்து ஒருவருக்கே உரிய குப்பியில் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்கினோம்.

அன்று மாலை கண்ணில் கறுப்பு வட்டங்கள் மிதப்பதாக அம்மா சொன்னார். மருந்தோடு போன காற்றுக் குமிழிகள்தான், மறுநாளே காணவில்லை. வெள்ளைவிழியில் சிவப்புத் திட்டு மட்டும் சில நாள் இருந்தது. வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றே வரச் சொல்லி, இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதித் தந்திருந்தார்கள்.

அடுத்த ஊசி நான்கு வாரம் கழித்து. அப்போது நான் லண்டனில் இருப்பேன். குப்பியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் படமெடுத்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.